கூண்டு முதல் புகலிடம் வரை

நுழையும் முன்

ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் பெங்களூருக்கு வந்தால், நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் லால்பாகும் பன்னேர்கட்டாவும் தவறாமல் இடம்பெறும். லால்பாகில் மரங்களைக் காண்கிறோம். பன்னேர்கட்டாவில் விலங்குகளைக் காண்கிறோம். முன்னொரு காலத்தில் லால்பாகிலும் விலங்குகள் இருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம். அவை எதற்காக அங்கு வைக்கப்பட்டன? இன்று பன்னேர்கட்டாவில் வாழும் விலங்குகள் எங்கிருந்து வந்தன? இவ்வினாக்களுக்கு இப்பாடத்தில் விடை காண்போம்.

லால்பாகில் ஒரு காட்சிசாலை

லால்பாக் தோட்டத்தை 1760ஆம் ஆண்டு ஹைதர் அலி தோற்றுவித்தார். அவருடைய மகன் திப்பு சுல்தான் அதனை விரிவாக்கினார். பல நாடுகளிலிருந்து செடிகளும் விதைகளும் தருவிக்கப்பட்டு அங்கு வளர்க்கப்பட்டன. 1856ஆம் ஆண்டு லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், அரிய செடிகளைத் திரட்டியதைப் போலவே புலி முதலிய விலங்குகளும் பறவைகளும் திரட்டப்பட்டு, அங்கு ஒரு சிறிய காட்சிசாலை அமைந்தது.

காண்போர் வியக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அக்காலக் காட்சிசாலைகளில் ஒரு விலங்குக்கு எவ்வளவு இடம் வேண்டும், எத்தகைய துணை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. இரும்புக் கம்பிகளும் கல்தரையும் கொண்ட கூண்டே விலங்கின் வீடாக இருந்தது. காலப்போக்கில் லால்பாகின் காட்சிசாலை மறைந்தது. தோட்டம் மீண்டும் தாவரங்களுக்கே உரியதாயிற்று. அங்கு இன்றும் நிற்கும் பழைய புறாக்கூடு, அத்தோட்டத்தில் ஒரு காலத்தில் பறவைகளும் வளர்க்கப்பட்டதை நினைவூட்டுகிறது.

இதற்கிடையே, 1892ஆம் ஆண்டு மைசூரில் மன்னர் சாமராஜேந்திர உடையார் அரண்மனையைச் சார்ந்த ஒரு விலங்குக் காட்சிசாலையை நிறுவினார். தொடக்கத்தில் அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்த அதனைப் பிற்காலத்தில் பொதுமக்களும் காணலாயினர். அரிய விலங்குகளை வைத்திருப்பது அரசரின் பெருமைக்கு அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது.

சென்னையின் ‘உயிர் காலேஜ்’

தமிழ்நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1855ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். ஆற்காட்டு நவாபு வளர்த்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று அங்கே வைத்தார். அடுத்த ஆண்டிலேயே அங்கிருந்த விலங்குகளின் எண்ணிக்கை முந்நூற்றைக் கடந்தது. பின்னர் அக்காட்சிசாலை சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பூங்காவுக்கு மாற்றப்பட்டது.

சென்னை மக்கள் இவ்விரு இடங்களுக்கும் வேடிக்கையான பெயர்களைச் சூட்டினர். பாடம் செய்யப்பட்ட விலங்குகள் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. சென்னையில் வாழ்ந்த முதியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இப்பெயர்களைக் கேட்டதுண்டா என்று வினவிப் பாருங்கள்.

நகரம் வளர வளர, நெருக்கடி மிகுந்த இடத்தில் விலங்குகளை வைத்திருப்பது இயலாததாயிற்று. 1985ஆம் ஆண்டு வண்டலூரில் காட்டுப்பகுதியை ஒட்டி அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. ‘காட்சிசாலை’ என்னும் பெயர் ‘உயிரியல் பூங்கா’ என மாறியதையும் நாம் கவனிக்க வேண்டும்.

காட்டின் ஓரத்தில் பன்னேர்கட்டா

பெங்களூரிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. நகரின் தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பன்னேர்கட்டாக் காட்டில், 1970களின் தொடக்கத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலை உருவாயிற்று. 1974ஆம் ஆண்டு அக்காடு தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதி பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா எனத் தனியாகப் பிரிக்கப்பட்டது.

இங்கு சிங்கம், புலி, கரடி ஆகியவற்றுக்கு அகன்ற வெளிகள் உண்டு. கம்பி வலை பொருத்திய பேருந்துக்குள் அமர்ந்து நாம் அவற்றைக் காண்கிறோம். லால்பாகில் விலங்கு கம்பிக்குள் இருந்தது. மனிதர் வெளியே நடந்தனர். பன்னேர்கட்டாவில் மனிதர் கம்பிக்குள் இருக்கின்றனர். விலங்கு வெளியே நடக்கிறது.

இம்மாற்றத்துக்குச் சட்டமும் துணைநின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டு விலங்குகளைத் தம் விருப்பம்போல் பிடிப்பதைத் தடுத்தது. 1991ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி 1992ஆம் ஆண்டு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் ஏற்பைப் பெறாமல் இந்தியாவில் எவரும் விலங்குக் காட்சிசாலை நடத்த இயலாது. விலங்குகளுக்குப் போதிய இடமும், தக்க உணவும், மருத்துவமும் அளிக்கப்படுகின்றனவா என்பதை ஆணையம் ஆராய்கிறது.

சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்கள்

1998ஆம் ஆண்டு நடுவண் அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்துவதை அது தடைசெய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அப்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. சர்க்கஸ் கூடாரங்களிலேயே பிறந்து வளர்ந்த விலங்குகளை என்ன செய்வது? அவற்றுக்கு வேட்டையாடத் தெரியாது. மனிதரைக் கண்டு விலகவும் தெரியாது. அவற்றைக் காட்டில் விட்டால் அவை பட்டினியால் மடியும், அல்லது ஊருக்குள் புகும். ஆகவே அவற்றைப் பேணுவதற்காக நாட்டின் சில இடங்களில் மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பன்னேர்கட்டாவும் ஒன்று.

சர்க்கஸ் சிங்கங்களுள் பல, ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் கலந்து பிறந்தவை. குஜராத்தில் மட்டுமே இயற்கையாக வாழும் ஆசியச் சிங்கத்தின் மரபு தூய்மையாக நிலைக்க வேண்டும் என்பதால், கலப்பினச் சிங்கங்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படவில்லை. அவை பயனற்றவை என்று ஒதுக்கப்படவும் இல்லை. வாழ்நாள் முழுதும் பேணப்பட்டன. பழைய காட்சிசாலைகள் அரிய விலங்குகளைத் தேடிச் சேர்த்தன. இம்மையமோ எவரும் வேண்டாத விலங்குகளை ஏற்றுக்கொண்டது.

ஆடுவதை நிறுத்திய கரடிகள்

முற்காலத்தில் தெருக்களில் கரடியை ஆட வைத்துப் பிழைப்போர் இருந்தனர். கலந்தர் என்னும் சமூகத்தார் பல தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவந்தனர். இதற்காகக் காட்டில் தாய்க்கரடியைக் கொன்று குட்டிகள் பிடிக்கப்பட்டன. குட்டியின் மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்தனர். கோரைப்பற்களைத் தட்டி உடைத்தனர். கயிறு இழுக்கப்படும்போது ஏற்படும் வலியால் கரடி கால்களைத் தூக்கியது. கூடி நின்றவர்கள் அதனை நடனம் என்று நினைத்துக் கைதட்டினர்.

2005ஆம் ஆண்டு பன்னேர்கட்டாவில் கரடிகள் மீட்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பு கர்நாடக வனத்துறையுடன் இணைந்து இப்பணியை மேற்கொண்டது. மீட்கப்பட்ட கரடிகளின் மூக்கிலிருந்து கயிறு அகற்றப்பட்டது. கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு வேறு தொழில் தொடங்கவும், அவர்களுடைய பிள்ளைகள் கல்வி பெறவும் உதவி அளிக்கப்பட்டது. விலங்கை மட்டும் மீட்டு மனிதரைப் பட்டினியில் விட்டிருந்தால், அவ்வழக்கம் மறைந்தே தொடர்ந்திருக்கும்.

பல்லிழந்த கரடி காட்டில் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. எனவே அவற்றுள் பல மீண்டும் காட்டுக்குச் செல்லவே இல்லை. பன்னேர்கட்டாவில் மரநிழலில் மண்ணைக் கிளறியும், கூழும் பழமும் உண்டும் வாழ்ந்தன. ஒருமுறை இழந்த காட்டை எவராலும் அவற்றுக்குத் திருப்பித் தர முடியவில்லை. வலியில்லாத வாழ்வை மட்டுமே தர முடிந்தது.

இன்றைய மாற்றங்கள்

இன்றைய பன்னேர்கட்டாவில் பெரிய விலங்குகள் மட்டும் இல்லை. 2006ஆம் ஆண்டு இங்கு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு சிறுத்தைகளுக்கென ஒரு தனி வெளி அமைந்தது. பூங்காக்களுக்கிடையே விலங்குகள் பரிமாறிக்கொள்ளவும் படுகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பன்னேர்கட்டாவிலிருந்து நான்கு யானைகள் விமானம் ஏறி ஜப்பான் நாட்டின் ஹிமேஜி நகருக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாகச் சிவிங்கிப்புலி, சிம்பன்சி முதலியவற்றைப் பெறுவதற்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஒரே குடும்பத்துக்குள் விலங்குகள் இனப்பெருக்கம் செய்து நலிவுறாமல் இருக்கப் பரிமாற்றம் தேவை என்பர் சிலர். கூட்டமாக வாழும் யானைகளைத் தொலைதூரம் அனுப்புவது தகுமா என்று கேட்பர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூங்காவின் வேலிக்கு அப்பால் காட்டு யானைகள் உலவுகின்றன. பன்னேர்கட்டாக் காடு, தமிழ்நாட்டின் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிக் காடுகளுடன் தொடர்புடையது. கேழ்வரகு விளையும் காலத்தில் யானைக் கூட்டங்கள் அப்பகுதிகளுக்குச் செல்வதுண்டு. நம் குடும்பங்கள் ஓசூர் வழியாக மாநில எல்லையைக் கடந்து வருகின்றன. யானைகளும் அதற்கு அருகிலேயே கடக்கின்றன. அந்த வழி அடைபடாமல் இருந்தால், அவற்றுக்கு மீட்பு மையம் தேவைப்படாது.

அடுத்த முறை பன்னேர்கட்டாவுக்குச் செல்லும்போது, ஒவ்வொரு விலங்கின் முன்னும் சற்று நின்று, “இது இங்கு எப்படி வந்தது?” என்று கேளுங்கள். அங்குள்ள பலகையைப் படியுங்கள், பணியாளரை வினவுங்கள். விடை தெரிந்தபின், கல்லெறிந்து அதனை எழுப்ப உங்களுக்கு மனம் வராது.

சொற்பொருள்

தருவித்தல் – வரவழைத்தல்
அறிவிக்கை – அரசு வெளியிடும் முறையான அறிவிப்பு
நடுவண் அரசு – மத்திய அரசு
புகலிடம் – பாதுகாப்புத் தரும் இடம்
நலிவுறுதல் – வலிமை குன்றுதல்
ஈடு – ஒன்றுக்கு மாற்றாகத் தரப்படுவது

மொழியை அறிவோம்

தமிழில் ‘ப’ எனத் தொடங்கும் சில சொற்கள் இன்றைய கன்னடத்தில் ‘ஹ’ எனத் தொடங்குகின்றன.

புலி – ஹுலி
பாம்பு – ஹாவு
பன்றி – ஹந்தி
பல் – ஹல்லு

பழைய கன்னடத்தில் இச்சொற்களும் ‘ப’ என்றே தொடங்கின. ‘கரடி’ என்னும் சொல் இரு மொழிகளிலும் ஒன்றே. இவைபோல் மேலும் மூன்று இணைகளைக் கன்னடம் அறிந்த நண்பரிடம் கேட்டு எழுதுக.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. லால்பாக் தோட்டத்தைத் தோற்றுவித்தவர் ________.
2. சென்னை மக்கள் விலங்குக் காட்சிசாலையை ________ என அழைத்தனர்.
3. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்த ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சர்க்கஸ் விலங்குகளைக் காட்டில் விட இயலாதது ஏன்?
2. கலப்பினச் சிங்கங்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படாததன் காரணம் யாது?
3. கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு உதவி அளிக்கப்பட்டது ஏன்?

இ. கலந்துரையாடுக.
‘யானைகளைப் பிற நாட்டுப் பூங்காக்களுக்கு அனுப்பலாம்’ – வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து, ஏற்றும் மறுத்தும் பேசுக.

ஈ. செயல்பாடு.
உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் சிறுவயதில் கண்ட விலங்குக் காட்சிசாலை அல்லது சர்க்கஸ் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.