மனக்கிலேசமும் பெருமூச்சும்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையூர்களிலும் வாழ்வோர்க்குக் கவலை புதிதன்று. வாடைக்காற்று வீசுங்காலத்தில், கடலிற் சென்றவர் கரைசேருங்காறும் வீட்டிலுள்ளார்க்கு உறக்கமில்லை. 1964ஆம் ஆண்டு மார்கழியில் எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்து, அவ்வூர்க்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் நடந்துவந்த கப்பற் சேவையையும் முடித்தது. அதனை அனுபவித்த முதியோருட் சிலர் இன்றும் கூரையிற் காற்றோசை மிகுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவர். போர்க்காலத்திற் போனவர் வாராத வீடுகள் பல. இவற்றோடு நாளாந்த அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு என்னும் சில்லறைக் கவலைகளும் சேருகின்றன. பெரிய துன்பத்தைத் தாங்கிய மனமும் சில்லறைக் கவலையால் நைந்துபோதலை நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வாறு நைந்தவர் தம்மையறியாமற் பெருமூச்சு விடுவர். வீட்டிலுள்ள ஆச்சிமார், "பெருமூச்சு விடாதே பிள்ளை, வீட்டுக்கு ஆகாது" என்று கடிவர். ஆச்சிமார் சொல்லை நாம் எளிதில் தள்ளுவோமல்லோம். ஆயினும் இவ்வொன்றில் அவர்க்கு மாறுபட வேண்டியவராகின்றோம். பெருமூச்சு, இறுகிய தேகம் தன்னைத் தளர்த்திக்கொள்ளச் செய்யும் முயற்சியேயாம்.

புலியைக் கண்ட மானுக்கு நேர்வது யாது? சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் தம் நீரை இரத்தத்திற் கலக்க, இருதயம் விரைந்து அடிக்கும், மூச்சுக் குறுகும், தசைகள் இறுகும், செரிமானம் நிற்கும். எதிர்க்கவோ ஓடவோ தேகம் இங்ஙனம் ஆயத்தமாதலை அமெரிக்க உடற்றொழிலியல் ஆசிரியர் வால்டர் கனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். கடன்காரனைக் கண்ட மனிதனுக்கும் இதுவே நேர்கின்றது. வேறுபாடு ஒன்றுண்டு. மான் ஓடித் தப்பியபின் மேயத் தொடங்கும்; நம்மவரோ, கடன்காரன் போனபின்னும் அவனை மனத்தில் இருத்தி இராமுழுதும் ஓடிக்கொண்டிருக்கின்றனர்.

இருதயத்தை நோக்கி, "மெல்ல அடி" என்று கட்டளையிட நமக்கு இயலாது. மூச்சோ தானாகவும் நடக்கும், நாம் நடத்தவும் நடக்கும். மூச்சை உள்வாங்கும்போது இருதயத்தின் அடி சிறிது விரைதலும், வெளிவிடும்போது சிறிது தாழ்தலும் இயல்பு. ஆதலின் வெளிமூச்சை நீட்டுவோன், ஆபத்து நீங்கிற்று என்னும் செய்தியை இருதயத்துக்கு அனுப்புவோனாகின்றான். திருமூலர் திருமந்திரத்தில் பூரகத்துக்குப் பதினாறு மாத்திரையும் இரேசகத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரையும் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. வெளிமூச்சு உள்மூச்சின் இருமடங்கு. இடையிலே மூச்சை அடக்கும் கும்பகத்துக்கு அவர் கூறிய அறுபத்துநான்கு மாத்திரை, குருவின்றிப் பயிலத்தக்கதன்று. இளைப்பாற விரும்புவோர்க்கு அது வேண்டுவதுமில்லை.

செய்யும் முறை வருமாறு. முதுகு நிமிர்ந்து இருந்து, மூக்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை வாங்குக; ஆறு எண்ணும்வரை மெல்ல விடுக. எண்ணுதல் ஒரு விநாடிக்கு ஒன்றாக இருக்குமாயின், நிமிடத்துக்கு ஆறு மூச்சு நிகழும். முதிர்ந்தவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுவர். அதன் பாதியேனும் குறைகின்றதன்றோ? பெருமூச்சையே பயிற்சியாகச் செய்யும் முறையும் ஒன்றுண்டு. மூக்கினால் மூச்சை வாங்கி, அது நிறையுந் தறுவாயில் இன்னுஞ் சிறிது வாங்கி, பின் வாயினால் நெடிது விடல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையார் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நாடோறும் ஐந்து நிமிடம் இவ்வாறு ஒரு மாதம் செய்தவர்க்கு, அதே அளவு நேரம் தியானித்தவரினும் மனமகிழ்ச்சி மிகுந்தமை காணப்பட்டது.

எண்ணிக்கை சலிப்பூட்டுமாயின் அதன் இடத்தில் ஜபத்தை வைத்துக்கொள்க. இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2001ஆம் ஆண்டு இருபத்துமூவரைக் கொண்டு சோதித்து, செபமாலை சொல்லும்போதும் மந்திரம் ஒன்றை உருவேற்றும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிதலைக் கண்டனர். மன்னாரிலே சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அயலவராய் வாழ்கின்றனர். அவரவர் வீட்டில் அவரவர் மருந்து முன்னமே இருக்கின்றது. போரின் உளத்தாக்கங்களைப் பற்றி 1998ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இடருற்றோர்க்கு அவரவர் சமயத்துச் செபத்தையும் ஜபத்தையும் திக்ரையுமே இளைப்பாறும் பயிற்சியாகக் கொடுத்தார். அந்நிய முறையைப் புதிதாகக் கற்பித்தலினும் இது எளிது என்பதை அனுபவமுள்ளோர் உடன்படுவர்.

திருக்கேதீச்சரத்திலே மகாசிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் முகந்து சென்று மகாலிங்கப் பெருமானைத் தாமே அபிடேகிக்கும் வழக்கம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் தம் பதிகத்திற் குறித்த அப்பாலாவிக் கரையிலிருந்து நிறைகுடத்தோடு வருவோன் விரைந்து நடத்தல் இயலாது. விரைந்தால் நீர் சிந்தும். கண் குடத்திலும் கால் நிலத்திலும் நா திருநாமத்திலும் நிற்க, அவ்வளவு தூரமும் கடன்காரனுக்கு மனத்தில் இடமில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வருவதை நாடோறும் செய்துகொள்ளத் தடையென்ன? வீட்டுக் கிணற்றிலிருந்து பூஞ்செடிக்கு நீர் கொண்டுசெல்லும் பத்தடியும் அவ்வாறு நடக்கலாம்.

வலை இழுத்தும் சுமை தூக்கியும் உழைப்போர்க்குத் தசையின் இறுக்கமே முதற் பகை. அவர் மல்லாந்து படுத்து, கைகளை இறுகப் பொத்தி ஐந்து எண்ணியபின் சடுதியில் விடுக. பின் தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொன்றாக இறுக்கி விடுக. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் வைத்தியர் 1929ஆம் ஆண்டு இம்முறையை நூலாக எழுதினார். நம் யோக நூலாராகிய சுவாத்மாராமர் சவாசனம் களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்று அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே கூறிவைத்தார். கரையூர்களில் இவ்விறுக்கத்துக்குக் கள்ளும் சாராயமும் மருந்தென்று கருதுவோர் இன்றும் உளர். மது முன்னிரவில் உறக்கம் தந்து, பின்னிரவில் அதனைக் குலைக்கும். விடிந்தபின் கவலையோடு கடனும் ஒன்று கூடியிருக்கும்.

ஈண்டு ஒன்றை மறையாது சொல்லல் வேண்டும். பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகள் அறுத்த வலையை மூச்சுப் பயிற்சி பின்னித் தாராது. அடிமட்ட இழுவையை இலங்கை 2017ஆம் ஆண்டு சட்டத்தாற் தடுத்தமை போன்ற காரியங்களாலேயே அக்குறை தீரும். மகனைத் தேடும் தாயிடம் சென்று, "மூச்சை மெல்ல விடுங்கள் அம்மா" என்பதும் கொடுமை. அவர் பக்கத்தில் இருந்து சொல்வதைக் கேட்பதே அங்கே முதற் பணி. பயிற்சி, அவர் உறங்க விரும்பிக் கேட்கும் நாளிலேயே. உறக்கமும் உணவும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குலைந்திருந்தாலும், வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலும், அரசினர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுக. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். பித்துப் பிடித்தவர்க்கே அவ்விடம் என்று அயலார் நகைப்பார்களோ என நாணி, மாதக்கணக்காய் வீட்டுக்குள் கிடந்தோரை நாம் அறிவோம்.

பயிற்சி தொடங்கும் நாளில் தலைசுற்றல் தோன்றுமாயின், மூச்சை அளவுக்கு மிஞ்சி ஆழமாக வாங்குகின்றீர்கள் என்று அறிக. நிறுத்தி, வழக்கமான மூச்சுக்கு மீண்டு, மறுநாள் இன்னும் மெல்லத் தொடங்குக.