உப்புக்காற்றில் வில்லைக் காப்பது

மாமல்லபுரம், கோவளம் பக்கம் வில் பயில்பவர்களுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. பராமரிப்பு மேசையைக் கடல் பார்த்த ஜன்னலருகே போடாதீர்கள், உள்ளறையே நல்லது. பயிற்சி முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் திருகாணிகளைத் துடைத்து, உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நாண் சொரசொரத்தால் நாண் மெழுகு தடவி, விரல் சூட்டில் தேயுங்கள். இழையே அறுந்திருந்தால் மெழுகு உதவாது. நாணை மாற்றியாக வேண்டும்.

வில்லின் வளையும் கைகளான லிம்ப்கள் மீது பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கலாம். அந்த வில்லால் எய்யாதீர்கள். ரிகர்வ் வில்லின் நாணை ஸ்டிரிங்கர் கயிறு மாட்டியே கழற்றுங்கள். காம்பவுண்ட் வில்லைத் தகுந்த வில் பிரஸ் கருவி இல்லாமல் வீட்டில் பிரிக்கவே கூடாது, கண்ணும் கையும் போய்விடும்! செங்கல்பட்டு வெயிலில் பூட்டிய காருக்குள் எந்த வில்லையும் விட்டுவைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வில்பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள்.