கொகெய்னும் ஹார்மோன்களும்

நாளமில்லாச் சுரப்பிகள் என்றதும் வளர்ச்சியும் இனப்பெருக்கமுமே நம் நினைவுக்கு வரும். அவற்றின் ஆட்சி மூளைக்குள்ளும் செல்கிறது என்பதற்குக் கொகெய்ன் ஆய்வுகள் நல்ல சான்று.

நரம்பணுக்களுக்கிடையே சுரக்கும் டோபமின், வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. தென் அமெரிக்கக் கோகா இலையிலிருந்து எடுக்கப்படும் கொகெய்ன் அந்த வழியை அடைத்துவிடுகிறது. தேங்கும் டோபமினே போதை இன்பத்துக்கு வித்து. ஈஸ்ட்ரோஜனோ டோபமின் சுரப்பையே கூட்டுகிறது. அண்டகம் நீக்கிய பெண் எலிகளுக்குக் கொகெய்ன் நாட்டம் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் செலுத்தினால் மீள்கிறது. புரோஜெஸ்டிரோன் அதனைத் தணிக்கிறது. பெண்களிடமும் மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியில் கொகெய்னின் கிளர்ச்சி மிகுதி, பிற்பாதியில் குறைவு.

ஆயினும் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் ஆண் எலிகளையே நம்பின. பெண் எலியின் நான்கைந்து நாள் சுழற்சி முடிவுகளைக் குழப்புமாம்! 2009-ஆம் ஆண்டின் நரம்பியல் ஆய்வுகளில், ஆண் விலங்குகளை மட்டும் கொண்டவை பெண் விலங்குகளை மட்டும் கொண்டவற்றைப் போல் 5.5 மடங்கு. போதையிலிருந்து மீள வரும் பெண்ணுக்கு ஆண் எலியின் கணக்கு எப்படிப் போதும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பாடநூல் ‘சராசரி உடல்’ என்று சொல்லும்போது, அதில் என் தாயும் தமக்கையும் அடக்கமா என்று கேட்கத் தோன்றுகிறது. நண்பர்களே, நாளை ஆய்வுக்கூடம் புகும் நாம் அக்கேள்வியோடு புகுவோமாக!