ஹரிக்கேன் மாதங்களில் அரை டாங்க்

ஜூன் 1 பிறந்துவிட்டால் நவம்பர் 30 வரை எங்கள் வீட்டுக் கார்களில் பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்காது. ஹூஸ்டனில் வெகுகாலமாக இருப்பவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எங்களுக்கு அது 2005 செப்டம்பரில் வந்தது. கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அடுத்து ரீட்டா வருகிறது என்றார்கள். டிவியில் அந்தப் படங்களைப் பார்த்த பயத்தோடு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தோம். ஆஸ்டினுக்குச் சாதாரண நாளில் மூன்று மணி நேரம். அன்றைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, கொளுத்தும் வெயிலில் ஊர்ந்தோம். சாலையோரம் நெடுகக் கார்கள் நின்றன. எதிலும் பழுதில்லை, டாங்க் காலி.

புயலுக்குக் கிளம்புகிறவர் மைல் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவார். மணிக்கணக்குதான் உதவும். இன்ஜின் ஓடியபடி நின்றாலே ஒரு கார் மணிக்குக் கால் கேலனிலிருந்து அரை கேலன் வரை குடிக்கும். ஏ.சி. போட்டால் அரையை ஒட்டிப் போகும். கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். இருபது மணி நேரம் நின்று நின்று நகர்ந்தால், ஊர் போய்ச் சேர வேண்டிய பெட்ரோலை விட நிற்பதற்கான பெட்ரோல் அதிகம்.

சொந்த ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது விலையைப் பற்றி. விலை ஏறத்தான் செய்யும். அமெரிக்காவின் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறையப் பாதி இந்த வளைகுடாக் கரையில் இருக்கிறது. ஹூஸ்டனில் புறப்பட்டு நியூயார்க் பக்கம் வரை போகும் கொலோனியல் பைப்லைனுக்கும் இங்கிருந்துதான் சரக்கு. 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தபோது நாட்டின் சுத்திகரிப்பில் சுமார் கால்வாசி முடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் போர்ட் ஆர்தர் ஆலையும் அதில் அடக்கம். ஒரே வாரத்தில் நாட்டின் சராசரி விலை கேலனுக்கு 2.40 டாலரிலிருந்து 2.68-க்குப் போனது.

இதையே வீட்டுக் கணக்காகப் பாருங்கள். 15 கேலன் டாங்கை முழுக்க நிரப்ப நான்கு டாலர் இருபது சென்ட் கூடுதல், அவ்வளவுதான். அதற்காக ஐந்து சென்ட் குறைவான பெட்ரோல் பங்கைத் தேடி ஊரைச் சுற்றுவதும், பெரிய வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதும் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

எங்கள் பக்கம் பங்க் நடத்தும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் உண்டு. பழைய விலைக்கு வாங்கி நிலத்தடி டாங்கில் கிடக்கும் சரக்கை ஏன் ஏற்றி விற்கிறீர்கள் என்று அப்போது கேட்டேன்.

“இது தீந்தா அடுத்த லோடு எடுக்கணும்லா? அதுக்கு நாளைக்கு என்ன ரேட்டோ அந்தத் துட்டு கையில இருக்கணும். பழைய ரேட்டுக்கு வித்துட்டு லாரிக்காரனுக்கு என்னத்தக் குடுக்க?”

“சரி அண்ணாச்சி, இறங்கும்போது மட்டும் ஏன் ஆடி அசைஞ்சு இறங்குது?”

“எதுத்த பங்க்காரன் குறைக்கட்டும், நானும் குறைக்கேன்” என்று சிரித்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் பாதி கடந்தும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. ஆகவே புயல் ஓய்ந்தபின் அவசரமில்லாதவர்கள் முழு டாங்க் போடத் தேவையில்லை. வாரம் ஐந்தாறு கேலனாகப் போட்டுக்கொண்டு வந்தால் இறங்கும் விலையின் பலன் கிடைக்கும். அநியாய விலை என்பது வேறு. பேரிடர் அறிவித்த காலத்தில் எரிபொருளைக் கொள்ளை விலைக்கு விற்பது டெக்சாஸில் சட்டவிரோதம். ரசீதையும் விலைப் பலகையின் படத்தையும் வைத்துக்கொண்டு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம்.

தட்டுப்பாட்டில் பாதி நாமே உண்டாக்குவது. ஹார்வி பக்கமே போகாத டாலஸில் அந்த ஆகஸ்ட் கடைசியில் பங்குகள் வறண்டன. டேங்கர் லாரி ஒன்று சுமார் 8,500 கேலன் கொண்டுவரும். ஆளுக்குப் பத்து கேலன் போட்டால் 850 கார். வழக்கமாக முள் கீழே இறங்கியபின் வருகிறவர்கள் அத்தனை பேரும், முக்கால் டாங்க் இருப்பவர்கள் உட்பட, ஒரே மாலையில் வந்தால் எந்த லாரி ஈடுகொடுக்கும்? பெட்ரோல் மாயமாகவில்லை, பங்கின் டாங்கிலிருந்து நம் கார்களுக்குள் போய்விட்டது. 2012-இல் சாண்டிக்குப் பிறகு நியூ ஜெர்சியின் 12 கவுண்டிகளில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துத்தான் ஊற்றினார்கள்.

2024 ஜூலையில் பெரில் காட்டியது இன்னொரு முகம். சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பெரிய சேதமில்லை, விலையும் அதிகம் அசையவில்லை. ஆனால் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. நிலத்தடியில் பெட்ரோல் இருக்கிறது, இறைக்க பம்ப் ஓடாது. விளக்கு எரிகிற பங்கைத் தேடித்தான் ஓட்டம். பெட்ரோல் இல்லை என்பதற்கு அடையாளமாகக் குழாய்க் கைப்பிடிகளில் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்து ‘ரொக்கம் மட்டும்’ என்று மார்க்கரில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். கார்டு இயந்திரத்துக்கு இன்டர்நெட் இல்லை, நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறையும் இல்லை. அதனால் சீசன் முழுக்க ஐந்தும் பத்துமாகக் கொஞ்சம் பணம் வீட்டில் வைத்திருக்கிறேன். எந்தப் பங்கில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பதை மே மாதமே விசாரித்துவிடுவேன்.

ஃப்ளோரிடாவின் கதை வேறு. அங்கே சுத்திகரிப்பு ஆலையே கிடையாது. பெரும்பாலான பெட்ரோல் கப்பலில் தம்பா, போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகங்களுக்கு வந்து லாரி ஏறும். புயல் நெருங்கினால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். 2024 அக்டோபரில் மில்டன் கரை தொடும் முன்பே அந்த மாநிலத்தின் பங்குகளில் கால்வாசிக்கு அருகே வறண்டுவிட்டன. தம்பாவில் இருக்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது, புயலின் பெயர் செய்தியில் அடிபட்ட அன்றே நிரப்பிவிடுங்கள், பாதையைத் தீர்மானித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெள்ளம் புகுந்த பங்கில் சில நாட்களுக்குப் போடாமல் இருப்பது நல்லது. நிலத்தடி டாங்கில் தண்ணீர் கலந்திருந்தால் இன்ஜின் திக்கும், செலவு நம் தலையில்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நடுத்தர ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு அரை கேலனுக்கு மேல் தின்னும், அதாவது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கேலனுக்குக் குறையாது. ஃப்ரிட்ஜுக்காக அதை இரவு பகலாக ஓட்ட வேண்டியதில்லை. சில மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் போதும். வீட்டிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கார்பன் மோனாக்சைடால் ஆட்கள் சாகிறார்கள். சிவப்புக் கேனைத் தரையில் இறக்கிவைத்துத்தான் நிரப்ப வேண்டும், பிக்கப் வண்டியின் பின்தட்டில் வைத்தபடி நிரப்பினால் நிலைமின்சாரத்தில் தீப்பற்றலாம். கழுத்து வரை ஊற்றக்கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கெடும் என்பதால், டிசம்பர் பிறந்ததும் கேனில் மீந்ததைக் காரில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுவோம்.