அடுத்தவர் சந்நிதியில்

ஏற்காட்டில் சில வருடம் குடியிருந்தால் போதும், எந்தச் சமயத்தவரானாலும் மாதா கோயில் படியேற வேண்டிவரும். சின்ன ஊர். கூட வேலை பார்ப்பவர் மகள் கல்யாணம், பக்கத்து வீட்டில் ஒரு சாவு என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 1894-இல் கன்னியர் மடத்துப் பள்ளியும் 1917-இல் மான்ட்போர்ட் பள்ளியும் தொடங்கப்பட்ட மலை அது. சைவக் குடும்பத்தில் பிறந்த நான், அங்கே ஆசிரியையாக இருந்த காலத்தில் திருப்பலிகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நற்கருணை. வேறெதைத் தெரிந்துகொள்ளாமல் போனாலும் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பூசையின் பிற்பகுதியில் எல்லோரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்குவார்கள். பிரசாதம் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்குக் கால் தானாக எழுந்துவிடும். எழக் கூடாது. அந்த அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகவே கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாமல் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்று, அந்த நம்பிக்கைக்குள் வாழ்கிறவர்களுக்கு உரியது அது. "நீங்க எந்திரிக்க வேண்டாங்க டீச்சர், நாங்க போயிட்டு வந்துடறோம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்று பக்கத்தில் இருந்த அக்கா முதல் நாளே காதோரம் சொல்லிவிட்டார். காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். இறந்தவருக்கான பூசை என்றால் அந்த நேரத்தில் அவரை நினைத்துக்கொள்வேன். பெஞ்சுகள் காலியாகி, பாட்டு மட்டும் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் எனக்கு மனம் நிறைந்திருக்கிறது.

எழுந்து நிற்பதும் உட்காருவதும் சபையோடு சேர்ந்து செய்யலாம்; அது மரியாதை. மண்டியிடுவதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வதும் விசுவாச அறிக்கை என்பது என் எண்ணம். நம்பாமல் செய்தால் அது நடிப்பாகிவிடும். எல்லோரும் மண்டியிடும்போது நான் தலை குனிந்து உட்கார்ந்துகொள்வேன். கடைசிக்கு முந்தைய வரிசைகளில் இடம் பிடித்தால், முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே எப்போது என்ன என்று தெரிந்துவிடும். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிரும்போது மட்டும் தயங்க வேண்டாம். இந்தியத் திருச்சபைக்கு உரிய சடங்கு மாற்றங்களுக்கு 1969-இல் ரோம் அனுமதி தந்தது. கைகூப்பி வணங்குவது அப்படிப் பூசைக்குள் வந்தது. பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திரும்பி, கும்பிடுங்கள். அது உங்களுக்கும் அவர்களுக்கும் பொது. செருப்பை எங்கே விடுவது, பெண்கள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடும்.

எதிர்த்திசையிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. 5,300 அடிக்கு மேல், மொட்டையான மலையுச்சியில் ஒரு குகை; குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவிரி வரை போகிறது என்பது அங்குள்ள நம்பிக்கை. உடன் வேலை பார்த்த கத்தோலிக்கத் தோழி ஆசைப்பட்டு என்னோடு வந்தார். குகைக்குள் குனிந்து வந்தார், மரியாதையோடு நின்றார். ஆனால் திருநீறும் படையல் பண்டமும் வாங்கிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் எடுத்துக்குங்க, என்ன ஆயிடும்?" என்று கூட வந்த ஒருவர் விடாமல் நீட்டினார். அப்படி வற்புறுத்துவது பிழை என்பேன். படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வி கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் கடிதம் எழுதிய முதல் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவர்களை உறுத்தி வருவது. விருந்தாளி எங்கே நிற்க விரும்புகிறாரோ அங்கே நிற்க விடுவதும் உபசாரம்தான்.

இன்னொன்றும் அங்கே உறைத்தது. அந்தக் குகையில் நானும் விருந்தாளிதான். சேர்வராயன் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் குலசாமி. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்லும் மக்கள் அவர்கள். நானும் இந்து என்பதால் மட்டும் அந்தத் திருவிழா எனக்குச் சொந்தமாகிவிடாது. அவர்கள் சாமி அழைக்கும்போது செல்போனை முகத்துக்கு நேரே நீட்டுகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் பையில் போடுங்கள்.

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயத்தில் ஒழுங்கு வேறு. அப்பம் பகிரும் திருவிருந்து எல்லா ஆராதனையிலும் இருக்காது. அழைத்தவரிடமே "நான் எதில் கலந்துக்கலாம், எதில் கூடாது?" என்று முந்தின நாள் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. பெரும்பாலும் சந்தோஷப்பட்டு, பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போவதானால் அப்பத்தைப் பற்றி வீட்டிலேயே சொல்லிவையுங்கள். வரிசை நகர்வதைப் பார்த்தால் அவர்கள்தான் முதலில் ஓடுவார்கள்.