பாலாற்றுக்கு வந்த ரியோ

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, எங்கள் வகுப்பில் ‘உலகம்’ என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. உலகக் குடிமைச் சமூகம் பற்றிப் பேச இது நல்ல வாய்ப்பு. ஆனால் யுனெஸ்கோ என்பது அரசுகள் கூடும் அமைப்பு. அரசும் வணிகமும் சாராமல் மக்கள் தாமாகக் கூடுவதே குடிமைச் சமூகம். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சிப்கோ, நர்மதை என்று மாணவர்கள் ஒப்பித்துவிடுகிறார்கள். நான் பக்கத்திலுள்ள பாலாற்றை எடுத்துக்கொள்கிறேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. திண்டுக்கல் பகுதியில் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் எடுத்த கணக்கும் அவ்வழக்கில் வந்தது: 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிச் சதவீதம் காணச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் அரசுகள் கூடின. அதே நகரில் தன்னார்வ அமைப்புகளும் தனியே கூடின. ரியோ அறிக்கையில் இடம்பெற்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு கூறியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். “இவ்வளவுதானா ஐயா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்கும் அதே கேள்விதான். இழப்பீட்டைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி ஆணையம் அமைக்கவும் தீர்ப்பு சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை வெற்றிக்கதையாக மட்டும் நடத்தக் கூடாது. தோலில் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி 1989இல் தடைசெய்தது. நம் ஏற்றுமதியாளர்கள் மாற்றுப் பொருளுக்குப் போனார்கள். அந்தத் தடை காலணி அணிபவரைக் காத்தது, கிணற்றுக்காரரைக் காக்கவில்லை. தொலைவில் உள்ளவரின் அக்கறை பெரும்பாலும் அவர் கைக்கு வரும் பொருளோடு நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

செயல்பாடாக, மாணவர்களைக் கோட்டை அடிவாரத்தின் செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டுக்கும் அழைத்துச் செல்லலாம். நீரின் நிறம், கரையில் கிடக்கும் குப்பை, வடிகால் சேரும் இடம் ஆகியவற்றை மாதம் ஒருமுறை தேதியிட்டுக் குறிக்கட்டும். மூன்று மாதக் குறிப்புகள் சேர்ந்ததும், பேரூராட்சிக்கு எழுதுவதா தொல்லியல் துறைக்கு எழுதுவதா என்று அவர்களே விவாதித்து முடிவெடுக்கட்டும்.