வேலையை நிறுத்தும் அதிகாரம்

அன்புள்ள தம்பி,

பச்சைமலையின் அடிவாரத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்ற நம் பூலாம்பாடியிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளைகள் அநேகர். சிங்கப்பூர் என்றும் மலேசியா என்றும் பேச்சு எழாத தெரு நம் ஊரில் இல்லை. அவ்வாறு போனவர்கள் பெரும்பாலும் பிறர் இட்ட கட்டளைக்கு உட்பட்டு உழைத்தவர்கள். நீயோ ஓர் எரிவாயுக் குழாய் நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியாளனாக நியமனம் பெற்று, அவர்களைப் போன்ற உழைப்பாளிகள் பலருடைய பிராணனுக்குப் பொறுப்பேற்கப் போகிறாய் என்று உன் தகப்பனார் வந்து சொன்னபோது, மகிழ்ச்சியோடு கூடவே எனக்குக் கவலையும் உண்டாயிற்று. அந்தத் தொழிலிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். இத்துறையில் காலடி வைக்கும் மற்ற இளைஞர்களும் படிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

தலைக்கவசம், கையுறை, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பற்றி நிறுவனமே உனக்கு வேண்டிய மட்டும் போதிக்கும். மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினத்தன்று எல்லோரும் வரிசையாக நின்று பிரதிக்ஞை எடுப்பார்கள். நீயும் மனமார எடுத்துக்கொள். நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படிக்கப் படிக்க ஓர் உண்மை துலக்கமாகிறது: விபத்து நேருமுன்பே அது யாரோ ஒருவனுடைய கண்ணிலோ காதிலோ மூக்கிலோ பட்டிருக்கிறது, பட்டவனுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவனுக்குச் செய்தி எட்டவில்லை, அல்லது எட்டியும் அவன் நிறுத்தவில்லை. இவ்விரு மனிதருக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் உன் உத்தியோகம்.

நம் சீமையின் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அன்றைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த அரியலூருக்கு அருகே, பெருமழையால் கரைபுரண்டோடிய மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பிரயாணிகள் மாண்டார்கள். அதற்கு முன் மூன்று மாதங்கூட ஆகவில்லை, ஹைதராபாத் ராஜ்யத்து மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து மற்றொரு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போதே ராஜிநாமாவை நீட்டிய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரியை நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு தடுக்க இயலவில்லை. அந்த ராஜிநாமாவின் மேன்மையை நாடு இன்றளவும் பேசுகிறது, பேசத் தகுந்ததே. ஆயினும் நம் தொழிலில் இருப்பவன் அதைவிட ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது, மழைக்காலத்து இரவுகளில் தண்டவாளத்தை ஒட்டி விளக்கோடு நடந்துபோகும் ரோந்துக்காரனைப் பற்றி. சம்பளத்தில் அவன் கடைசிப் படியில் நிற்பவன். ஆனால் பாதையில் பழுது கண்டானேயானால், அவன் காட்டும் சிவப்பு விளக்குக்கும் தண்டவாளத்தில் அவன் பொருத்தி வைக்கும் எச்சரிக்கை வெடிக்கும் எக்ஸ்பிரஸ் வண்டியே கட்டுப்பட்டு நின்றாக வேண்டும். அதற்கு அவன் எந்த மேலதிகாரியின் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பார்த்தவன் கையிலேயே நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்து வைத்திருக்கும் அந்த ஏற்பாட்டில் உள்ள ஞானத்தை உன் நிறுவனத்துக்குள்ளும் நீ கொண்டுவர வேண்டும்.

அது இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி அதிகாலையில், அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்றே பெயர் கொண்ட கிராமத்தில், கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த வாயு தென்னந்தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் இடையே பனிபோலப் பரவி நின்றது, ஊர் கண்விழித்து அடுப்பு மூட்டும் வேளையில் அது பற்றிக்கொண்டது, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின, தோப்புகள் கரிந்தன. ஈரப்பசையற்ற வாயுவைக் கொண்டு செல்வதற்கென அமைந்த அக்குழாயில், நீரும் பிற திரவங்களும் பிரிக்கப்படாத வாயு சென்றுகொண்டிருந்தது என்று பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. நீரோடு கரியமில வாயு சேர்ந்தால் அமிலமாகும். அந்த அமிலம் குழாயின் அடிப்பாகத்தில் தேங்கி, வெளியே நின்று பார்ப்பவன் கண்ணுக்குப் புலப்படாமல், உள்ளிருந்தே எஃகை அரித்துத் தின்றுவிடும். வாயு வாசனை அடிக்கிறது என்று முன்பே முறையிட்டோம் என்பது ஊராரின் கதறல். நீரைப் பிரிக்கும் கருவி அங்கே இல்லை என்பதைப் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். நாற்றத்தைக் கிராமத்தார் அறிந்திருந்தார்கள். இந்த இரண்டு அறிவும் ஒன்றுகூடி, ஓட்டத்தை நிறுத்து என்று ஆணையிடும் ஒரு மனிதனிடம் வந்து சேரவில்லை. உன் மேஜைமேல் அந்த விபத்தின் விவரங்களை எப்போதும் வைத்துக்கொள்.

வெளியிலிருந்து வரும் அபாயத்துக்கும் குறைவில்லை. நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணின் சுபாவம் உனக்குத் தெரியும். மழையில் பொதுமிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அம்மண், தனக்குள் புதைந்த குழாயின் மேற்பூச்சைப் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து அரிப்பு தொடங்கும். அதைத் தடுக்கவே கத்தோடிக் பாதுகாப்பு என்னும் முறையில் மின்னோட்டத்தைக் குழாய்க்குச் செலுத்துகிறோம். வழிநெடுக நட்டிருக்கும் சோதனைக் கம்பங்களில், தாமிர சல்பேட் மின்முனையை மண்ணில் ஊன்றி அளக்கும்போது, குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் கம்பம் கம்பமாக நடந்து அளக்க வேண்டிய இந்த எண்ணை, நிழலில் அமர்ந்து சென்ற மாதத்து ஏட்டைப் பார்த்து எழுதிவிடும் வழக்கத்தை எங்கே கண்டாலும் ஈவிரக்கமின்றி ஒழித்துவிடு. பொய்யான ஏடு ஏடே இல்லாததைவிடக் கொடியது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சான் புரூனோவில் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி மாலை எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தபோது, நிறுவனத்தின் பதிவேட்டில் அது மூட்டில்லாத குழாய் என்றே எழுதியிருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தால், அரைகுறையாகப் பற்றவைத்த துண்டுகளாக இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டை நம்பினார்களேயொழிய மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் இல்லை.

குழாய் செல்லும் நிலம் சம்சாரியின் நிலம் என்பதை ஒருபோதும் மறவாதே. இத்தகைய குழாய்களுக்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் உடைமை அவனிடமே இருக்க, அதன் அடியில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமையை மாத்திரம் அரசு எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டையில் அவன் பயிர் வைக்கலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. கிணற்றையே நம்பி வாழும் நம் வானம்பார்த்த பூமியில் இந்தக் கட்டுப்பாடு எத்துணைக் கடுமையானது என்பதை வடநாட்டிலிருந்து வந்த அதிகாரி உணராமற் போகலாம், நீ உணர்வாய். தண்ணீர் வற்றிய கோடையில் நள்ளிரவில் போர்வெல் வண்டியை வரவழைப்பவனைக் குற்றவாளியாக நடத்தாதே. அவன் துயரத்தைக் கேட்டு, துளை போடத் தகுந்த வேறு இடத்தை அளந்து காட்டு. அவனிடம் அச்சத்தை வளர்த்தாயானால், ஜே.சி.பி.யின் பல் குழாயில் உரசியதை அவன் மண்ணை மூடி மறைத்துவிடுவான். பெல்ஜியத்தின் கிலங்கியன் என்ற ஊரில் 2004 ஜூலை 30-ஆம் தேதி இருபத்து நான்கு பேரைக் கொன்ற வெடிப்புக்குக் காரணம், அதற்கு முன்பே கட்டட வேலையின்போது இயந்திரம் குழாயில் ஏற்படுத்திய காயந்தான். காயத்தோடு கிடந்த குழாயில் பின்னர் அழுத்தம் உயர்ந்தபோது அது தாங்கவில்லை. உரசல் நேர்ந்த அன்றே தயக்கமின்றி ஓடிவந்து சொல்லும் துணிவு சம்சாரிக்கு உண்டாவது, நீ அவனிடம் பழகும் முறையைப் பொறுத்தது.

நிலையத்துக்குள் நடக்கும் வேலைக்குப் பர்மிட் என்று ஒரு சீட்டு இருக்கிறது. எந்த இடத்தில், எந்த வேலை, யார் யார், எந்த வால்வு மூடியிருக்கிறது, வாயுச் சோதனை செய்தது யார் என்று அதில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே வெல்டிங் பொறி ஒன்று எழலாம். 1988 ஜூலை 6-ஆம் தேதி வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில், பாதுகாப்பு வால்வைக் கழற்றி வெறும் தகட்டால் மூடியிருந்த பம்பை, கழற்றிய செய்தி அறியாத இரவு ஷிப்ட்காரர்கள் ஓட்டினார்கள். 167 பேர் மாண்டார்கள். வால்வைக் கழற்றிய சீட்டு எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஓட்டியவர்கள் கைக்கு அது வரவில்லை. ஆதலால் சீட்டில் கையொப்பம் இடுமுன் உன் கால்கள் அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது வாய்ச்சொல்லாலும் எழுத்தாலும் இரண்டு முறை ஒப்படைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சீட்டை முடித்து வைக்க வேண்டும்.

வால்வுக் குழிக்குள் ஆளை இறக்குவதைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாறையில் வெடி வைத்துக் கிணறு ஆழப்படுத்தும் நம் ஊர்களில், புகை அடங்குமுன் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கிய அண்ணனும் அவன் பின்னே இறங்கிய மைத்துனனும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்த சோகத்தைக் கேட்டு வளர்ந்தவன் நீ. பாசம் அங்கே விவேகத்தை வென்றுவிடுகிறது. குழிக்குள் இறங்குபவனுக்குக் கயிறும், மேலே நிற்பவனுக்குக் கண்டிப்பும், முன்னதாகக் காற்றுச் சோதனையும் இல்லாத இடத்தில் ஒருவனும் இறங்கலாகாது.

நெய்வேலி நமக்கு அயலூர் அன்று. அங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி கொதிகலன் விபத்து. இரண்டு மாதம் நிறையுமுன், ஜூலை 1-ஆம் தேதி, அதே நிலையத்தில் மற்றொரு அலகில் மீண்டும் விபத்து. அந்த இடத்திலேயே ஆறு பேர் இறந்தனர், பின்னர் மருத்துவமனையில் மேலும் பலர். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே அதிகம். இதை எழுதும்போது என் நெஞ்சு கனக்கிறது. நிரந்தர ஊழியன் சந்தேகப்பட்டால் வாய் திறந்து கேட்பான். ஒப்பந்தத் தொழிலாளியோ, கேட்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுவான். கொதிக்கும் இயந்திரத்துக்கு மிக அருகில் நிற்பவனும் அவனே, வாய் மூடி நிற்பவனும் அவனே. போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லும் உரிமையை அதில் எழுதி வைத்தார்கள். அந்த உரிமை அவனுக்குத் தெரியாது. அவனுடைய மொழியில் அவனுக்குச் சொல்வது உன் கடமை. அவன் சொன்னது தவறாகப் போய் ஒரு நாள் உற்பத்தி நின்றாலும், எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கு நன்றி சொல். ஒருமுறை அவனை நீ கடிந்துகொண்டால், அடுத்த முறை உண்மையான ஆபத்தைக் கண்டபோதும் அவன் மௌனமாகவே நகர்ந்து போவான்.

மேலிடத்திலிருந்து நிர்ப்பந்தம் வரும், வராமல் இராது. வாயு நின்றால் எதிர்முனையில் மின்நிலையம் நிற்கும், நஷ்டம் இவ்வளவு என்று கணக்குச் சொல்வார்கள். நீ நிறுத்திய காரணத்தை நேரம் குறித்து எழுத்தில் வைத்துவிட்டு, திரும்ப ஓட்டச் சொல்பவரையும் எழுத்தில் சொல்லும்படி பணிவோடு கேள். பல வேளைகளில் அந்த ஒரு வேண்டுகோளே போதுமானதாக இருக்கும்.

கிராமத்தாரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம். நகரம் கிராமத்தார் முறையிட்டதுபோல் எங்கும் நாற்றம் வந்து எச்சரிக்கும் என்று நம்பலாகாது, நெடுந்தூரக் குழாயில் ஓடும் இயற்கை எரிவாயுவுக்குப் பெரும்பாலும் வாசனை இராது. 1937 மார்ச் 18-ஆம் தேதி டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையற்ற வாயு வெடித்து முந்நூறு பேரளவில் மாண்ட பிறகே நாற்றப் பொருளைக் கலக்கும் வழக்கம் பரவிற்று. அதுவும் வீடுகளுக்கு வழங்குமிடத்தில்தான் கலக்கிறார்கள். ஆகையால் சீறும் ஓசையையும், காரணமின்றிப் பழுக்கும் பயிர்ப் பட்டையையும், தேங்கிய நீரில் எழும் குமிழிகளையும் கவனிக்கச் சொல்லிக் கொடு. கண்டால் பீடி பற்றவைக்கக் கூடாது, பம்புசெட் மோட்டார் சுவிட்சைத் தொடக் கூடாது, காற்று வீசும் திசைக்கு எதிராக விலகிப் போய்த் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எல்லைக் கம்பத்தில் அந்த எண் தமிழில், வெயிலில் வெளுக்காத சாயத்தில் இருக்கிறதா என்று பார். நடு இரவில் நீயே அந்த எண்ணுக்கு அழைத்து, மறுமுனையில் தமிழ் தெரிந்த ஒருவர் எடுக்கிறாரா என்று சோதித்துப் பார்.

வேலையில் சேர்ந்ததும் உன் பகுதிக் குழாய்ப் பாதை முழுவதையும் அங்குள்ள ரோந்துக்காரரோடு கால்நடையாக நடந்து முடி. அவர் எங்கெங்கே தயங்கி நிற்கிறார், எதைக் காட்டுகிறார், எதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொள்கிறார் என்பதைக் கவனித்து எனக்கு விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியப்பா,
பூலாம்பாடி.